வீடு கட்டுதலும் ஊர் கட்டுதலும்

வைகாசித் திங்களில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குச் செல்லும் அடியார்கள், முள்ளியவளையைக் கடந்து செல்கையில் தெருவின் இரு மருங்கும் எழுந்துள்ள புதிய வீடுகளைப் பார்த்திருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அவ்வழியே சென்றிருந்தோம். உப்பு நீரில் விளக்கெரியும் அற்புதத்தைக் காணவென்று யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் திரண்டு வந்த கூட்டத்தில் இடிபட்டு, பொங்கல் முடிந்து திரும்புகையில் தாகம் மிகுந்து, வழியிலிருந்த ஒரு வளவினுள் நுழைந்து தண்ணீர் கேட்டோம்.

சீமெந்துக் கல்லாற் கட்டிய வீடு, ஓட்டுக் கூரை. இரண்டு அறையும் ஒரு கூடமும் குசினியும் இருந்தன. எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து தந்தார்.

“வீடு வசதியாக இருக்கிறதோ, ஆச்சி?” என்று வினவினோம்.

“வீட்டுக்கு என்ன குறை, தம்பி? மழைக்கு ஒழுகாது. இந்தத் தண்ணிதான் முந்தநாள் பவுசரிலை வந்தது. எங்கடை பழைய வளவுக் கிணறு சித்திரையிலையும் வத்தாது. இஞ்சை வெட்டிப் பாத்தம், உவர். பின்னேரத்திலை இருந்து ஒரு கதை கதைக்கவும் ஆளில்லை. பக்கத்து வீட்டுச் சனம் எந்த ஊரெண்டே எங்களுக்குத் தெரியாது.”

தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டோம். ஆயினும் அம்மூதாட்டியின் விடை நம்மை விட்டு அகலவில்லை. அவருக்கு வீடு கிடைத்திருந்தது, நல்ல வீடுந்தான். கிணறும் அயலும் கிடைக்கவில்லை. 2015 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை உலகத்துக்கென வகுத்த 17 இலக்குகளுள் பதினோராவது, நகரங்களையும் மக்கட் குடியிருப்புகளையும் நிலைபேறுடையனவாகவும் வாழத்தக்கனவாகவும் ஆக்குதல் என்பது. இவ்விலக்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கொழும்பையும் சென்னையையும் சிங்கப்பூரையுமே நினைத்துப் பேசுகின்றனர். நாம் முல்லைத்தீவை நினைத்துப் பேச விரும்புகிறோம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 92,000 மக்கள் வாழ்ந்த மாவட்டம் அது. இலங்கையின் மாவட்டங்களுள் மக்கள் அடர்த்தி மிகக் குறைந்ததும் அதுவே. அங்கே மாடிக் கட்டடமுமில்லை, வாகன நெரிசலுமில்லை. ஆனால் ஊர்களை அடியிலிருந்து மீளக் கட்ட வேண்டிய நிலை அதற்கு நேர்ந்ததுபோல் நமது நாட்டில் வேறெந்த நிலப்பரப்புக்கும் நேர்ந்ததில்லை எனலாம்.

மாணவ நேயர்கள் இம்மாவட்டத்தின் படமொன்றை எடுத்து, ஊர்ப்பெயர்களைச் சற்று உரத்துப் படித்துப் பார்க்கட்டும். தண்ணீரூற்று, கணுக்கேணி, மாங்குளம், பாண்டியன்குளம், வவுனிக்குளம், விசுவமடு, கற்சிலைமடு, முத்தையன்கட்டு, உடையார்கட்டு, தண்ணிமுறிப்பு. ஊற்று, கேணி, குளம், மடு, கட்டு, முறிப்பு என்று எங்கு நோக்கினும் நீரே ஊரின் பெயராய் நிற்கக் காண்கிறோம். மடு என்பது ஆற்றிலோ ஓடையிலோ நீர் தங்கும் ஆழமான இடம். கட்டு என்பது அணை. முறிப்பு என்பது அந்த அணை உடைந்த இடம். குளம் உடைந்து போனதைக்கூடப் பெயராக வைத்து மறவாமற் காத்திருக்கிறார்கள்! ஒட்டுசுட்டான் மட்டும் இவ்வரிசையிற் சேராது. குரக்கன் ஒட்டைச் சுட்ட கமக்காரனுக்கு அங்கே சிவலிங்கம் வெளிப்பட்டதென்று தான்தோன்றீசுவரர் கோயில் மரபு கூறும். அதுவும் ஒரு கமக்காரன் கதைதான்.

பெயர் இவ்வாறு அமைந்ததற்குக் காரணம் உண்டு. வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்றினால் வருவது. மூன்று மாதத்தில் விழும் நீரை ஒன்பது மாதம் வைத்து ஆளத் தெரிந்தவனே அங்கே குடியிருக்க முடியும். அதற்கு முன்னோர் கண்ட வழி குளம். குளம் என்றவுடன் நீர் நிறைந்த ஒரு பள்ளத்தையும் அதற்கொரு கரையையும் மாத்திரம் எண்ணிக்கொள்வது தவறு. குளத்துக்கு மேலே காடு. மழைநீர் அக்காட்டினூடே வடிந்து வருகையில் மண் பெருமளவு அங்கேயே தங்கிவிடும். நீர் வந்து சேரும் ஓரத்தில் புல்லும் கோரையும் நின்று எஞ்சிய வண்டலை வடித்து வைக்கும். கரையில் மருத மரங்கள். அவற்றின் வேர் கட்டைப் பிடித்திருக்கும், நிழல் நீரைக் காக்கும். கரையோரத்தே பிள்ளையாரோ ஐயனாரோ எழுந்தருளியிருப்பார். கீழே வயல். வயலுக்கு ஒருபுறமாக, வெள்ளம் ஏறாத மேட்டில், வளவுகள். குளத்தில் நீர் நின்றால் நிலத்தடி நீர் உயரும். அதனால் வளவிலுள்ள கிணறும் ஊறும். ஆச்சியின் கிணறு சித்திரையிலும் வற்றாதிருந்தமைக்குக் காரணம் அதன் ஆழம் மாத்திரமன்று. எங்கோ அருகில் ஒரு குளம் நீர் வைத்திருந்திருக்கும்.

இன்னுமொன்று. இக்குளங்கள் தனித்தனியானவை அல்ல. மேற்குளம் நிறைந்து வான் பாய்ந்தால் அந்நீர் அடுத்த குளத்துக்குப் போகும். வயலில் வடியும் நீரும் கீழ்க்குளத்தையே சேரும். இவ்வாறு ஒரே பள்ளத்தாக்கிற் பல குளங்கள் சங்கிலிபோற் கோக்கப்பட்டிருக்கும். எனவே மேலூரார் தமது குளத்தைக் கவனியாது விட்டால், பெருமழையில் அது உடைந்து கீழூராரின் குளத்தையும் உடைக்கும். அயலூரான் நலத்திலே தன் நலமும் அடங்கியிருக்கிறது என்பதை வன்னிக் கமக்காரனுக்கு யாரும் ஏட்டில் எழுதிக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. இலங்கையின் வரண்ட வலயத்துக்குரிய இக்குளத்தொடர் முறையை உலக உணவு விவசாயத் தாபனம் 2017 இல் உலகின் முக்கியமான வேளாண் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

குளத்தைப் பேணியது யார்? ஊரே கூடிப் பேணியது. ஆண்டுதோறும் கட்டுக்கு மண் போடுவதும், துருசைத் திருத்துவதும், வாய்க்கால் வெட்டுவதும் குடிகளின் கடமையாயிருந்தன. 1832 இல் ஆங்கில அரசாங்கம் இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியத்தை ஒழித்தது. ஊழியம் ஒழிந்தது நன்றே. மனிதனை அடிமைபோல் வேலை வாங்கும் வழக்கத்துக்கு எவரும் பரிந்து பேசார். ஆனால் அத்தோடு குளத்து வேலையைக் கேட்கும் அதிகாரமும் ஒழிந்தது. அதற்கு மாற்றாக ஒன்றும் வைக்கப்படவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, ஹென்றி வார்ட் தேசாதிபதியாயிருந்த காலத்தில், 1856 ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டத்தின் மூலம் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிர் கொடுக்க முயன்றார்கள். 1895 இல் ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் உத்தியோகத்தர் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கையேட்டைப் புரட்டுவோர், கைவிடப்பட்ட குளங்களின் கதையை அதிற் காணலாம். குளம் கைவிடப்பட்டால் ஊரும் கைவிடப்படும். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் திருத்தப்பட்டு, அவற்றின் கீழ் மக்கள் குடியேற்றப்பட்டபோதுதான் அப்பகுதிக்கு மறுபடியும் நல்ல காலம் பிறந்தது.

அந்த நல்ல காலம் நீடிக்கவில்லை. 2004 மார்கழி 26 ஆந் திகதி கடல் எழுந்து முல்லைத்தீவுப் பட்டினத்தின் கரையோரத்தை வாரிக்கொண்டு போயிற்று. அடுத்த ஆண்டில் அரசாங்கம் கரையோரத்தில் வீடு கட்டலாகாதென்று எல்லை வகுத்தது: வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், ஏனைய கரைகளில் 100 மீற்றர். உயிரைக் காக்கும் எண்ணத்தில் எழுந்த விதி என்பதில் ஐயமில்லை. ஆனால் வள்ளத்தையும் வலையையும் கரையில் விட்டுவிட்டுத் தொலைவிற் போய்ப் படுப்பவனுக்கு நித்திரை வருமா? கரைவலை இழுப்போர் விடியுமுன் ஒருவரையொருவர் கூவி அழைக்க வேண்டாமா? கரையோர மக்களும் பிறரும் இக்குறைகளை எடுத்துக் கூறியபின் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது.

அதன்பின் வந்தது போர்க்காலத்தின் கடைசிக் கட்டம். 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையில் நடந்தவற்றை இப்பக்கத்தில் விரித்துரைக்கப் போவதில்லை; அதை வாழ்ந்து கடந்தோர் இதனைப் படிப்போருள் பலர். மாவட்டம் முழுவதும் ஆளற்றுப் போயிற்று. செட்டிக்குளத்து முகாம்களில் இருந்த மக்கள் கட்டங்கட்டமாகத் திரும்பியபோது, ஊர் இருந்த இடத்தில் காடு இருந்தது.

எனவே முதலில் வீடு வேண்டியிருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. இந்திய அரசாங்கத்தின் உதவியுடன் 50,000 வீடுகள் கட்டும் திட்டம் உருவாயிற்று. அவற்றுள் 46,000 வடக்குக்கும் கிழக்குக்குமானவை. தொடக்கத்தில் ஆயிரம் வீடுகள் ஒப்பந்தகாரரைக் கொண்டு கட்டப்பட்டன. 2012 இலிருந்து வேறு முறை கைக்கொள்ளப்பட்டது: வீட்டுக்குரியவரின் வங்கிக் கணக்குக்கே பணம் செல்லும், அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏற அடுத்த தவணை கிடைக்கும், கட்டுவிப்பவர் வீட்டுக்காரரே. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா. வாசல் எத்திசை நோக்க வேண்டும், குசினி எங்கே வர வேண்டும் என்பதை வீட்டுக்காரியே தீர்மானிக்கலாம். மேசனும் தச்சனும் பெரும்பாலும் அயலூரவர்கள். ஆகவே பணம் ஊருக்குள்ளேயே சுழன்றது. இம்முறையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

பாராட்டும்போதே குறையையும் சொல்லவேண்டும். அக்காலத்தில் ஏக காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தமையால் மணல், சீமெந்து, மரம், கூலி யாவும் விலை ஏறின. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் வன்னியில் ஏராளம். பகலிற் கூலிக்குப் போய் மாலையிற் கல் எண்ணி மணல் அளக்கும் பாரம் அவர்கள் தலையில் விழுந்தது. பணம் போதாமல் கடன் வாங்கினார்கள். அக்கடனை அடைக்க இன்னொரு நுண்கடன். கிழமைதோறும் வாயிலில் வந்து நிற்கும் கடன்காரருக்கு அஞ்சி வீட்டைப் பூட்டிவிட்டு அயல் வளவில் ஒளிந்த தாய்மாரின் கதைகளைக் கேட்டிருக்கிறோம். வீடு இருந்தும் வீட்டில் இருக்க முடியாத நிலை! 2018 இல், வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட இத்தகைய கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அளிக்க முன்வந்ததிலிருந்து நோயின் கடுமை புலனாகும். அன்றியும், வீடு கட்டத் தேவைப்பட்ட மணல் ஆற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும், மரம் காட்டிலிருந்தும் வந்தவை என்பதை மறக்கலாகாது. ஊரைக் காத்த காடும் ஓடையும் ஊரைக் கட்டுவதற்கே செலவாகுமாயின், அந்தக் கணக்கை யார் எழுதுவது?

இந்நிலையில் 2016 ஆம் ஆண்டளவில் ஓர் அதிசயமான யோசனை எழுந்தது. வடக்குக்கும் கிழக்குக்கும் 65,000 உருக்கு வீடுகள்! ஆர்சலர் மிட்டல் என்னும் பன்னாட்டு உருக்கு நிறுவனம் ஆலையிற் செய்த பாகங்களைக் கொண்டுவந்து பூட்டித் தரும். விலை ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. மாதிரி வீடும் எழுப்பிக் காட்டினார்கள். பார்த்துவிட்டு வந்த பொறியியலாளர்களும் மக்கட் பிரதிநிதிகளும் பொருளியல் அறிஞரும் கேட்ட கேள்விகள் எளியவை. சித்திரை வெயிலில் இதனுள் இருப்பது எப்படி? உப்புக்காற்றில் உருக்கு எத்தனை காலம் நிற்கும்? பிள்ளைக்குக் கலியாணமானால் ஓர் அறை கூட்டிக் கட்ட ஊர் மேசனால் முடியுமா? இந்தப் பணத்தில் கல்வீடு இரண்டு கட்டலாமே? இக்கேள்விகளுக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை. அத்திட்டம் நினைத்த அளவில் நிறைவேறவும் இல்லை. பின்னர் கல்வீட்டுக்கே திரும்பினார்கள். அம்மாதிரி வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியும் தளபாடமும் சேர்த்துத் தருவதாகச் சொல்லப்பட்டது. விறாந்தையில் மாலைவேளையிற் குந்தியிருந்து கதைக்க அயல் வருமா என்ற கேள்விக்கு மட்டும் எந்த நிறுவனமும் உத்தரவாதம் தர இயலாது.

இங்கே நமக்குப் பற்றிக் கெடிஸ் என்னும் பெரியாரின் நினைவு வருகிறது. ஸ்கொத்லாந்து நாட்டவரான அவர் தாவரவியற் பேராசிரியராயிருந்து நகரமைப்புத் துறைக்கு வந்தவர். 1914 இல் இந்தியாவுக்கு வந்து, 1915 இல் தஞ்சாவூர், மதுரை முதலான சென்னை மாகாணத்து நகரங்களைப் பார்வையிட்டு அறிக்கைகள் எழுதினார். 1921 இல் நமது கொழும்பு நகரத்துக்கும் ஒரு திட்டம் வரைந்து கொடுத்தார். அக்காலத்துச் சுகாதார அதிகாரிகள் குறுகிய தெருக்களை இடித்து அகலமாக்கவும், நுளம்பு பெருகுமென்று குளங்களைத் தூர்க்கவும் துடித்தனர். கெடிஸோ தெருத்தெருவாகக் கால்நடையாய்ச் சுற்றினார். வைத்தியன் நோயாளியைப் பார்க்குமுன் மருந்து கொடுப்பதில்லை. ஊரைப் பாராமல் திட்டம் வரைவதும் அத்தகையதே என்பது அவர் கொள்கை. இடிக்க வேண்டியதை மிகச் சிறிதளவே இடிக்கவேண்டுமென்றார். குளத்தைத் தூர்க்காதீர்கள், துப்புரவு செய்து மீனும் வாத்தும் விடுங்கள், நுளம்பை அவை பார்த்துக்கொள்ளும் என்றார். அவர் சொன்னவற்றை நூறாண்டுக்குப் பின்னரும் நாம் முற்றாகக் கேட்டுவிட்டோமென்று சொல்வதற்கில்லை. 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருவெள்ளம் வந்தபோது, நீர் தனது பழைய வழியைத் தேடிப் போயிற்று. அவ்வழியில் இருப்பது குடியிருப்பா வயலா என்று நீர் பார்ப்பதில்லை.

நல்ல வீடும் மின்சாரமும் தெருவும் கொடுத்துவிட்டால் மக்கள் எங்கும் மகிழ்ந்திருப்பர் என்று எண்ணுவோருக்குக் கேப்பாபுலவு ஒரு பாடம். செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம் 2012 புரட்டாதியில் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறியவர்கள் அவ்வூர் மக்கள். அவர்களது காணிகளில் படைமுகாம் இருந்தமையால் சொந்த ஊருக்குப் போக முடியவில்லை. காட்டை வெட்டி அமைத்த இடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அதற்கு மாதிரிக் கிராமம் என்று பெயர் வைத்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தது. 2017 தை மாத இறுதியில் கேப்பாபுலவைச் சேர்ந்த பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாயிலுக்கு எதிரே தெருவோரத்தில் வந்து குந்தினார்கள். பெண்களும் குழந்தைகளும் பனியிலும் வெயிலிலும் ஏறத்தாழ ஒரு மாதம் அங்கேயே இருந்தனர். பிள்ளைகள் பாடம் படித்ததும் அங்கேதான். பங்குனி முதலாந் திகதி அவர்களது காணி விடுவிக்கப்பட்டது. உடனே கேப்பாபுலவின் ஏனைய மக்கள் தமது காணிக்காகத் தெருவில் அமர்ந்தனர். அவர்களது காத்திருப்பு மிக நீண்டது.

கூரையுள்ள இடத்தை விட்டு மனிதர் ஏன் தெருவில் வந்து கிடக்க வேண்டும்? அவர்கள் கேட்டது நந்திக்கடற் கரையை. இறால் பிடித்த நீரை. தென்னை நட்ட மண்ணை. பெற்றோர் வெட்டிய கிணற்றை. இவற்றை வேறோரிடத்தில் மாதிரியாகச் செய்து கொடுக்க எந்தப் பொறியியலாளராலும் இயலாது. காணியை உரியவருக்குக் கொடுப்பது அரசியல்வாதிகளுக்குரிய பொருளென்று நகரமைப்பு வல்லுநர் ஒதுங்கிவிடுகின்றனர். நமது தாழ்மையான கருத்தில் நகரமைப்பின் முதலெழுத்தே அதுதான்.

இனி மாணவருக்கு ஒரு வேலை. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊரின் மூத்தோர் ஒருவருடன் மாலையில் நடந்து பாருங்கள். முல்லைத்தீவில் இருப்போர் மாத்திரமன்று, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்போரும் இதைச் செய்யலாம். சிறு குளம், கேணி, மோட்டை, தரவை ஒன்றையும் விடாதீர்கள். அரசாங்கப் படத்தில் இல்லாத பெயர்கள் பல அப்பெரியவரின் வாயிலிருந்து வரும். அவரோடு அவை போய்விடும் முன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் வீடு கட்டலாகாதென்று அவர் சொன்னால், ஏனென்று கேளுங்கள். எழுதியதை நமக்கும் அனுப்பி வைத்தால், இடமுள்ளவரை இப்பக்கத்தில் வெளியிடுவோம். குளத்தின் பெயர், அதன் நீர் அடுத்து எங்கே போகிறது, கடைசியாக அது எப்போது தூர் வாரப்பட்டது என்னும் மூன்று விபரங்கள் இருந்தாற் போதும்.